வாடைக்காலம் விஷயம்

நெருப்பு என்ற சொல்லை ஒரு தடவைகூட வாயில் எடுக்காமல் தீ விபத்துக் காப்பீடு விற்ற ஒருவரை எனக்குத் தெரியும். திருட்டு என்று சொல்லாமல் திருட்டுக்கும், சாவு என்று சொல்லாமல் சாவுக்கும் பாலிசி போட்டுக் கொடுத்தவர். இராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குப் போகிற சாலையோர ஊர்களில் பாதி வீடுகளுக்கு அவர்தான் ஏஜென்ட். எங்களுக்கெல்லாம் அக்கா. என் மாமியார் வயதுக்காரர்களுக்கு மட்டும் 'அந்த இன்சூரன்ஸ் பொண்ணு'. பொண்ணுக்கு அப்போதே காதோரம் நன்றாக நரைத்திருந்தது.

அவரை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும். ஆனாலும் மற்றதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எல்லா ஆபத்துக்கும் அக்காவிடம் ஒரு செல்லப்பெயர் இருந்தது. வீடு எரிந்து போவது 'அடுப்பு விஷயம்'. களவு போவது 'பூட்டு விஷயம்'. வண்டியில் அடிபடுவது 'ரோட்டு விஷயம்'. ஆளே போய்ச் சேர்வது 'பின்னாடி காலத்து விஷயம்'. மழைக்காலத்தில் வடக்கேயிருந்து காற்று திரும்புவதை எங்கள் கடற்கரையில் வாடை என்பார்கள். புயல் வருவதும் கடல் ஏறுவதும் அந்த மாதங்களில்தான். அதனால் அக்காவின் கணக்கில் புயல், வெள்ளம், கடல் எல்லாம் சேர்ந்து 'வாடைக்காலம் விஷயம்'.

எங்கள் தெருப் பெண்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. அக்கா வந்து உட்கார்ந்ததும் யாராவது ஒருத்தி வேண்டுமென்றே, "அக்கா, நான் இன்னிக்கே செத்துப் போயிட்டா எம்புட்டுக் கிடைக்கும்?" என்று கேட்பாள். அக்கா தரையைப் பார்ப்பார். பிறகு, உன் பேரப்பிள்ளை கல்யாணத்துக்கு நான் மொய் எழுதின பிறகு அதைப் பேசிக்கொள்ளலாம் என்பார். கேட்டவளுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்காது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். சிரித்து முடிக்கும்போது பாரத்தில் கையெழுத்து விழுந்திருக்கும்.

பாரத்தைப் பிரிக்கும் நேரத்தில் யாராவது தும்மினால் மூடிவிடுவார். ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்து, பிள்ளைகள் படிப்பு, மீன் விலை என்று சற்று நேரம் பேசிவிட்டு மறுபடி பிரிப்பார். கறுப்பு மையில் எழுத மாட்டார். அவருடைய ஸ்கூட்டி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். கைப்பிடியில் ஏர்வாடி தர்காவில் வாங்கிய பச்சைக் கயிறு. சாவியில் மாதா படம். எல்லாப் பக்கமும் கவர் எடுத்து வைத்திருக்கிற ஒரே ஆள் இந்த அக்காதான் என்று என் கணவர் கேலி செய்வார்.

கிளம்பும்போது, "வாரேன்" என்பார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். யார் வீட்டு வாசலிலும் போறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் கிடையாது. ஆனால் அக்கா அதோடு விடமாட்டார். வீட்டுக்காரர்கள் வாயால் "வாங்க" என்ற பதில் வரும்வரை படியிலிருந்து இறங்க மாட்டார். ஒரு முறை அவர் கிளம்பும் நேரம் பக்கத்து வீட்டுக்காரி தெரியாமல் குளிக்கப் போய்விட்டாள். அவள் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால் உச்சி வெயிலில் அக்கா வாசலிலேயே நிற்கிறார். "வாங்க" என்ற பிறகுதான் வண்டியை எடுத்தார்.

இதையெல்லாம் வைத்து அவரை ஒரு கோமாளி என்று நினைத்துவிடக் கூடாது. வேலை தெரிந்தவர். உப்பூர்ப் பக்கம் ஒரு டீக்கடையின் ஓலைக் கூரை எரிந்து, பாத்திரம் பண்டம் எல்லாம் கருகிப் போனபோது, கடைக்காரரைத் தன் வண்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மதுரை வரை அலைந்து பணத்தை வாங்கிக் கொடுத்தார். அந்தக் கடைக்காரர் தட்டு நிறைய பலகாரத்தோடு நன்றி சொல்ல வந்தபோது, எரிந்ததைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லையாம். "உங்க அடுப்பு விஷயம் நல்லபடியா முடிஞ்சது" என்று மட்டும் சொன்னாராம்.

எங்கள் பக்கத்தில் பிரீமியம் குறையட்டும் என்று வீட்டின் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். அக்கா விடமாட்டார். அந்தப் பொருளை இன்று புதிதாக வாங்கப் போனால் என்ன விலையோ, அதைத்தான் எழுத வேண்டும், பழையதாகிவிட்டது என்று கழிக்கக் கூடாது என்று அடம் பிடிப்பார். ஏன் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. கழித்து எழுதினால் எரிந்த பிறகு பாதிதான் கிடைக்கும் என்று சொல்ல வேண்டுமே. "நிறைச்சு எழுதுனா பார்க்க நல்லாருக்கும்" என்பார். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று எழுதியவர்கள் பலர் பிழைத்திருக்கிறார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

என் கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே கேம்ப்பில் அவர் தங்கியிருந்தது ஒரு கேபின். இரும்புச் சட்டமும் பலகைச் சுவரும் வைத்து, தொழிற்சாலையிலேயே செய்து, லாரியில் கொண்டு வந்து இறக்கி வைக்கிற அறை. வெளியே மணல் கொதிக்கும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்குமாம். இளமையெல்லாம் அதற்குள் கழித்துவிட்டு, இனி விமானம் ஏறமாட்டேன் என்று என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்து திரும்பி வந்தவர், செங்கல் சிமெண்ட் வேண்டாம், அதே மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று நின்றார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சொல்லிவைத்தார். இருந்ததெல்லாம் அதற்குள் போனது, என் நகைகளும் சேர்த்து. எனக்கும் சம்மதம்தான். கொத்தனாரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம், ஆள் வீட்டோடு இருப்பார் என்பதே எனக்குப் போதும்.

வீடு இரண்டு லாரிகளில் இரண்டு பாதிகளாக வந்தது. திருப்பாலைக்குடியைத் தாண்டி, கடலைப் பார்த்தாற்போல் என் மாமனார் வாங்கிப் போட்டிருந்த மனை. திருப்பத்தில் சீமைக்கருவேல மரத்தை வெட்டித்தான் லாரியைக் கொண்டுபோக முடிந்தது. கிரேன் வீட்டைத் தூக்கியபோது ஊரே கூடிவிட்டது. வரிசையாகப் போட்டிருந்த கான்கிரீட் கட்டைகளின் மேல் அதை அலுங்காமல் இறக்கி வைத்தார்கள். அன்றே ஊர்க்காரர்கள் பெட்டி வீடு என்று பேர் வைத்துவிட்டார்கள். வீட்டைத் தரையோடு சேர்த்து இறுக்குவது தனி வேலை, தனிக் கூலி என்று கிரேன்காரர் சொன்னதற்கு என் கணவர் சிரித்தார். "எங்க கேம்ப்ல வரிசை வரிசையா நிக்கிது. எதுக்கும் ஒரு ஆணிகூட கிடையாது" என்றார்.

அது பாலைவனம், இது பாக் நீரிணைக் கரை என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அந்த ஊரிலேயே அது தோன்றிய ஒரே ஆள் அக்கா.

குடிபுகுந்த அன்றைக்குப் பால் காய்ச்சி, பாத்திஹா ஓதி முடித்திருந்தோம். என் கணவர் அக்காவை வரச் சொல்லியிருந்தார். கேம்ப்பில் குப்பைத் தொட்டிக்குக்கூட இன்சூரன்ஸ் உண்டு என்று அடிக்கடி சொல்கிறவர் அவர். என் மாமியாருக்கு, அதாவது மாமிக்கு, அதில் விருப்பம் கிடையாது. அல்லாஹ் கையில் இருக்கிற காரியத்துக்கு இவளிடம் எதற்குக் காகிதம் வாங்க வேண்டும் என்பார். இருந்தாலும் வந்தவருக்கு முதல் தம்ளர் பாலை அவர்தான் ஊற்றிக் கொடுத்தார்.

அக்கா வீட்டுக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். சன்னலைத் திறந்து மூடினார். இது செங்கல் வீடு மாதிரி இல்லை, பாரமே வேறு, வீட்டுக்குத் தனியாகவும் உள்ளே இருக்கிற பிரிஜ், டிவி, கட்டில், பீரோவுக்குத் தனியாகவும் எழுத வேண்டும் என்று என் கணவருக்கு விளக்கினார். லாரியில் வந்த வழிக்கென்று எடுத்திருந்த பாலிசி வீட்டை இறக்கியதோடு முடிந்துவிட்டது என்றார். எதைக் கேட்டாலும் பதில் இருந்தது. நானே அசந்துபோனேன்.

பிறகு வெளியே போய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தரைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். எங்கள் கோழிகள் அதற்குள் மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தன. அக்கா வெகு நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் சரியில்லை. குனிந்ததால் தலை சுற்றுகிறதோ என்று நினைத்து நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்து எழுதினார். அடுப்பு விஷயம் எழுதியாயிற்று. பூட்டு விஷயம் எழுதியாயிற்று. பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.

"தம்பி, அந்த வாடைக்காலம் விஷயம் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கம்பெனியில வீட்டை அடியில இறுக்கியிருக்கான்னு கேப்பாக."

"எதுக்குக்கா இறுக்கணும்?" என்றார் என் கணவர்.

சாதாரணக் கேள்வி. அதற்குப் பதிலும் சாதாரணமானதுதான். இந்த வீட்டுக்கு அடியில் காற்று புகுந்தால் தூக்கிக் கவிழ்த்துவிடும். இறுக்கினால்தான் நிற்கும். இறுக்கினால்தான் கம்பெனியும் புயலுக்குப் பணம் தரும். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அக்கா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், பால் சட்டியோடு நின்ற மாமியைப் பார்த்தார்.

"பால் பொங்கின அடுப்பு இன்னும் ஆறலை. புது வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு அந்தப் பேச்சு வேணாம்மா" என்றார் மாமி. "அல்லா பார்த்துக்குவான்."

"ஆமாங்கம்மா. நல்லதே நடக்கும்" என்றார் அக்கா. பக்கத்தைத் திருப்பிவிட்டார். கையெழுத்து வாங்கினார். மீதிப் பாலைக் குடித்தார். வாசலில் நின்று வாரேன் என்றார். வாங்க என்றோம்.

அந்த வருட வாடை சும்மா போய்விட்டது. அடுத்த வருடம் புயல் வந்தது. பகலிலேயே வேன் வந்து மைக்கில் கத்தினார்கள். எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். என் கணவர் போகும்போது வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். பூட்டு விஷயம் சரியாக இருந்தது.

மறுநாள் முற்பகல் தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது, கான்கிரீட் கட்டைகள் மட்டும் வரிசை கலையாமல் அப்படியே இருந்தன. வீடு அவற்றின் மேல் இல்லை. வீட்டைத் தேடவேண்டியிருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் ஒரு பாதி கூரை கீழாக மல்லாந்து கிடந்தது. மறு பாதி எதுவென்று அடையாளம் தெரியாமல் தகரமும் பலகையுமாகக் கருவேலங்காடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. சுற்றிலும் இருந்த செங்கல் வீடுகளில் ஓடு போயிருந்தது, சுவர் நனைந்திருந்தது, ஆனால் வீடுகள் நின்றன. மாமி தன் வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டு சேற்றில் நடந்தார். என் கணவர் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தார். நான் கத்தி அழுதேன். பெற்ற பிள்ளை போனால் அழுகிற மாதிரி அழுதேன்.

கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். கட்டைகளைப் போட்டோ எடுத்தார். போல்ட் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்புறம் பாலிசியைப் படித்துப் பார்த்துவிட்டு, இதில் புயலே இல்லையே அம்மா என்றார். எரிந்திருந்தால் புது வீடு வாங்குகிற விலை கிடைத்திருக்கும். யாராவது பீரோவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் பீரோவுக்குக் கிடைத்திருக்கும். அக்கா எல்லாவற்றையும் நிறைத்துத்தான் எழுதியிருந்தார். காற்று ஒன்றைத் தவிர.

நாங்கள் இராமநாதபுரத்தில் என் தம்பி வீட்டில் ஒண்டியிருந்தபோது அக்கா தூக்குவாளியில் சாப்பாட்டோடு வந்தார். அதற்குள் அவர் கம்பெனி வாசலில் போய் நின்று கெஞ்சிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே ஒன்றும் நடக்காது என்று அவர் முகமே சொன்னது. நான் தூக்குவாளியை வாங்கவில்லை.

"குனிஞ்சு பார்த்தீகளே, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் தங்கச்சி."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

அவர் நின்றபடியே சொன்னதை இங்கே சுருக்கித்தான் சொல்ல முடியும். இந்த வேலைக்கு வந்த புதிதில், பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் நேருக்கு நேர் பேசுகிறவராகத்தான் இருந்தாராம். கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு படகுக்காரரிடம், கடலில் உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகள் கதி என்ன என்று கேட்டிருக்கிறார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வாடையிலேயே அவருடைய படகு கரை திரும்பவில்லை. அக்கா அலைந்து திரிந்து செக் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனபோது, படகுக்காரரின் மனைவி செக்கைக் கையில் வாங்காமல் மண்ணை அள்ளி இவர் முகத்தில் வீசியிருக்கிறாள். கரிநாக்கு, உன் நாக்குத்தான் என் புருசனைத் தின்றது என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறாள். பணத்தை அவள் கொழுந்தன் வாங்கிக்கொண்டான். அந்தப் பணத்தில்தான் பிள்ளைகள் படித்தார்களாம். அக்காவுக்கு மட்டும் அந்தக் கரை முழுக்க ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. தெருவில் நடந்தால் கர்ப்பிணிப் பெண்களை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்களாம். வேறு ஊர்களுக்கு வந்து, வாயை மாற்றிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

"சொன்னேன், சொன்னதுனால நடந்துச்சுன்னாக. சொல்லாம விட்டேன், அதுவும் நடந்துருச்சு. நான் எந்த வாயோட பொழைக்கிறது?"

எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. "அந்தப் பொம்பளை வீட்டுலயாச்சும் காசு நின்னுச்சு. எங்க கையில என்னக்கா நிக்கிது?" என்று கேட்டேன். அவர் தூக்குவாளியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். மாமிதான் அதை எடுத்துச் சாப்பிட்டார்.

சாப்பிட்ட அதே மாமிதான் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்: பால் காய்ச்சுகிற நேரத்தில் அவள் வாடைக்காலம் என்று வாயெடுத்தாளே, அதுதான் வீட்டைக் கவிழ்த்தது என்று. முழுதாகச் சொல்லாததற்கு நான் திட்டினேன், பாதி சொன்னதற்கு மாமி திட்டினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மாமி பக்கம்தான் தலையாட்டினார்கள். கரிநாக்கு என்ற பேர் பழைய ஊரிலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர நேரமாகவில்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்கு என்ன ஆனதோ, செல்லப்பெயர்களையெல்லாம் விட்டுவிட்டார். எங்கே போனாலும் பட்டவர்த்தனமாகப் பேச ஆரம்பித்துவிட்டாராம். உப்பூர் டீக்கடைக்காரரிடம், புதுக் கூரையும் ஓலைதான், இதுவும் எரியும் என்று சொல்லியிருக்கிறார். அவரே பாலிசியை வேறு ஏஜென்டிடம் மாற்றிக்கொண்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் போய், பையன் பைக் ஓட்டுகிறான், விழுந்து கால் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். அங்கே சாப்பாடு போடாமல் அனுப்பினார்கள். ஸ்கூட்டியில் எலுமிச்சம்பழமும் இல்லை, கயிறும் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இதையெல்லாம் கேட்டபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. இப்போதாவது வாய் திறந்ததே என்று நினைத்தேன்.

என் கணவருக்கு மறுபடி விசா வந்தது. வேறு வழி கிடையாது. சத்தியத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாடகை வீடு பிடித்து என்னையும் மாமியையும் வைத்தார். அவர் பயணத்துக்கு முந்தின வாரம், டிக்கெட் விஷயமாக வெளியே போயிருந்தபோது, அக்கா வந்தார். இளைத்துப் போயிருந்தார். நான் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"தங்கச்சி, நான் சுத்தி வளைக்கப் போறதில்லை. உங்களுக்கு ஒரு தடவை சொல்லாம விட்டுட்டேன். தம்பி அங்கன ஏணியில நின்னு வேலை பார்க்குறவரு. கரண்டுல கைய வைக்கிறவரு. விழுந்து செத்துட்டா உங்களுக்கும் அம்மாவுக்கும் யாரு? பாடி வந்து சேரவே மாசக்கணக்கா ஆகும். அதுக்குப் பொறகு இந்த வாடகையை யாரு கட்டுவா?"

அடுத்த அறையில் படுத்திருந்த மாமி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அக்கா சொன்னதில் ஒரு பொய் இல்லை. எந்த வார்த்தையை அன்றைக்குச் சொல்லாததற்காக அவரை நான் வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டேனோ, அதே மாதிரி வார்த்தைகள்தான். பையிலிருந்து பாரத்தை எடுத்துப் பிரித்து வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் இருந்தது கறுப்பு மைப் பேனா. என் கணவர் செத்துக் கிடப்பது எனக்கு அப்படியே கண்ணில் தெரிந்தது.

"போங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பிச்சை கேட்டு வருகிறவர்களைக்கூட அப்படிச் சொல்ல மாட்டோம். போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புவோம். அக்கா பாரத்தை மடித்துப் பையில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். படியில் இறங்கி, பழக்கத்தில் திரும்பி நின்றார். எப்போதும் நிற்கிற மாதிரிதான் நின்றார். வாரேன் என்று சொன்னால் என்ன செய்வது, பதிலுக்கு வாங்க என்று சொல்லித் தொலைக்க வேண்டியிருக்குமே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"போறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஏஜென்ட் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். திருப்புல்லாணிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார், யாரிடமும் அதிகம் பேசுவதில்லை என்றும் சொன்னார்கள். விசாரித்துக்கொண்டு போகலாம் என்று சில நாள் தோன்றும். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் வீடு போனது போனதுதான். என் கோபமும் போகவில்லை.

என் கணவர் இப்போது மறுபடியும் ஒரு கேபினில் இருக்கிறார். வீடியோவில் சுற்றிக் காட்டினார். எங்கள் பெட்டி வீட்டின் சுவர் மாதிரியே சுவர், அதே மாதிரி சன்னல். அவரும் அதைக் கவனித்திருப்பார், சொல்லவில்லை. போன வாரம் அவருடைய கேம்ப்பில் ஒரு வடநாட்டுப் பையன் உயரத்திலிருந்து விழுந்துவிட்டானாம். எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. அவரும் அதற்கு மேல் போகவில்லை. பிறகு, "நாம எனக்குன்னு பாலிசி ஏதாச்சும் எடுத்திருக்கோமா? அந்த அக்கா வந்தாகளா?" என்று கேட்டார்.

"அந்தப் பேச்சு இப்ப எதுக்கு மச்சான்" என்றேன். "நல்லதே நடக்கும்."